பேராதனை ஆற்றுமுனை: பூந்தோட்டத்துக்கு முன்னும் அதைச் சுற்றியும்

நீங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறீர்கள். பிள்ளைகளைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போக வேண்டும். அந்தத் தோட்டம் 1371-இல் தொடங்கியது என்று ஓரிடத்தில் வாசித்திருக்கிறீர்கள், 1821 என்று இன்னோரிடத்தில். இதில் எது சரி, மகாவலி வளைத்துக்கொண்டு போகும் அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது, அக்கம்பக்கத்தில் வேறு என்ன காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், கொஞ்சம் தயங்கினாற்போல, "நம்ம ஆளுங்களுக்கும் இதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. ஆண்டுக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம், இதற்குத்தான் நேரம் எடுக்கும்.

நான் பேராதனையில் வரலாறு படித்து, பிறகு கண்டி மாவட்டப் பாடசாலைகளில் அதையே படிப்பித்து ஓய்வுபெற்றவன். மரம், செடி, பூ விஷயத்தில் ஆழமாகக் கேட்டால் நான் ஆள் இல்லை. அந்த மண்ணில் யார் இருந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்பதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் இடத்தின் அமைப்பைப் பிள்ளைகளுக்குப் புரியவையுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். மகாவலி கம்பளைப் பக்கமிருந்து வடக்கு நோக்கி வருகிறது. பேராதனைப் பாலத்தைத் தாண்டியதும் நேரே போகாமல் ஒரு லாடம் போல வளைந்து, ஒரு துண்டு நிலத்தை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு, கெட்டம்பே பக்கம் வந்து, அப்புறம் கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறது. நான்காவது பக்கம்தான் வாசல். கொழும்பு–கண்டி வீதி அந்தக் கழுத்துப் பகுதியைத் தொட்டுக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் ஏறக்குறைய 147 ஏக்கர் நிலம்தான் பூந்தோட்டம். தொங்குபாலத்தில் ஏறி நின்றால் ஆற்றின் வளைவு கண்ணுக்குத் தெரியும். வரைபடத்தில் காட்டுவதைவிட அங்கே நின்று காட்டினால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இப்படி ஓர் இடம் கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள். காவலுக்கு ஒரு பக்கம் போதும், தண்ணீருக்குக் குறைவில்லை, ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் மண், மலைநாட்டில் அரிதான சமதரை. அதனால்தான் ஆட்சி மாற மாற ஆட்கள் மாறினார்களே தவிர, இந்த முனை சும்மா கிடக்கவில்லை. 1371-க்கும் 1821-க்கும் சண்டை வருவதும் இதனால்தான். இரண்டு ஆண்டுகளும் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கின்றன.

1371 என்பது மூன்றாம் விக்கிரமபாகு என்ற கம்பளை அரசன் இந்த ஆற்றங்கரையில் அரசவை வைத்திருந்தான் என்ற மரபுச் செய்தி. தோட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் எல்லாக் குறிப்புகளும் இங்கேதான் தொடங்கும். கம்பளை அப்போது தலைநகராக இருந்ததும், விக்கிரமபாகு அந்தக் காலத்து அரசன் என்பதும் உறுதி. ஆனால் ஓர் அரசன் ஆற்றங்கரையில் தங்கினான் என்பதை வைத்து, அன்றே தாவரவியல் தோட்டம் தொடங்கிவிட்டது என்று சொன்னால் அது இழுத்து நீட்டுவது. பிள்ளைகளிடம் "அரசன் இருந்ததாகச் சொல்லும் இடம்" என்றால் போதும். அடுத்து வருவது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்டவன். அவன் காலத்தில் இது அரச தோட்டமாக ஆக்கப்பட்டது. அவனுக்குப் பின் வந்த இராஜாதி இராஜசிங்கன் இங்கே ஒரு வாசஸ்தலமும் வைத்திருந்தான். 1815-இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1821-இல் அலெக்சாண்டர் மூன் என்பவர் தாவரத் தோட்டத்துக்கான வேலையை இங்கே தொடங்கினார். அதற்கு முன் ஆங்கிலேயரின் தோட்டம் கொழும்பில் கொம்பனித்தெருவிலும், பிறகு களுத்துறையிலும் இருந்தது. முறைப்படி நிறுவப்பட்டது 1843 என்று மூன்றாவதாக ஓர் ஆண்டையும் எங்காவது காண்பீர்கள், குழம்ப வேண்டாம். தாவரவியல் தோட்டம் என்ற பொருளில் கேட்டால் 1821 என்பதே என் பதில்.

கீர்த்தி ஸ்ரீயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இணையத்தில் நம்மவர்கள் தடுமாறும் இடம் இது. கண்டியின் கடைசி நான்கு அரசர்களும் நாயக்கர் வழியினர். மதுரைப் பக்கத்திலிருந்து பெண் கொடுத்து, பிறகு அரியணையும் ஏறிய குடும்பம். வேர் தெலுங்கு. அவர்களுடைய வீட்டிலும் அவையிலும் தமிழ் புழங்கியது. கண்டி நகரில் அவர்களுடைய உறவினர் வாழ்ந்த குமாருப்பே வீதி என்ற தெருவே இருந்தது. "பார்த்தீர்களா, பேராதனைத் தோட்டம் தமிழ் மன்னன் போட்டது" என்று எழுதுகிறவர்கள் இதை வைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதே கீர்த்தி ஸ்ரீதான் 1753-இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து இலங்கையில் உபசம்பதாவை, அதாவது பிக்குகளுக்கு முழுத் துறவுநிலை கொடுக்கும் சடங்கை, மீண்டும் நிலைநிறுத்தியவன், எத்தனையோ விகாரைகளைப் புதுப்பித்தவன். அவனைத் தமிழ் மன்னன் என்றோ சிங்கள மன்னன் என்றோ ஒரே சொல்லில் அடைக்க நான் துணியமாட்டேன். அந்தக் காலத்தில் அவனிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இந்த ஆற்றுமுனையில் தோட்டம் வைத்திருந்தது என்பது மட்டும் உறுதி.

ஆற்றைக் காவல் என்றேன் அல்லவா, அதற்குச் சாட்சி எதிர்க்கரையில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் தெரிவது கன்னொறுவை. இன்று விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கும் அமைதியான ஊர். 1638 மார்ச் 28-இல் அங்கே நடந்தது போர்த்துக்கீசருக்கும் கண்டிக்கும் இடையிலான பெரிய சண்டை. தியோகோ டி மெலோ தலைமையில் வந்த போர்த்துக்கீசப் படை கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் காலியாகக் கிடந்தது. எரித்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும் வழியில் கன்னொறுவையில் வைத்து இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் மடக்கினார்கள். போர்த்துக்கீசருக்காக வந்திருந்த உள்நாட்டு லஸ்கரின் வீரர்கள் கண்டிப் பக்கம் மாறிவிட்டார்கள். தளபதி செத்தான், படை ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அதே ஆண்டு மே மாதம் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்து இராஜசிங்கனோடு ஒப்பந்தமும் செய்தார்கள். பேராதனை ஆற்றங்கரைச் சண்டையும் மட்டக்களப்புக் கோட்டையும் ஒரே கதையின் இரண்டு பகுதிகள். பாடப்புத்தகத்தில் தனித்தனியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சேர்த்துச் சொன்னால் பிடிக்கும்.

1803-இல் ஆங்கிலேயர் பட்டதும் இதே ஆற்றிடம்தான். கண்டியைப் பிடித்து வைத்திருந்த மேஜர் டேவியின் படை சரணடைந்து வெளியேறியபோது, வட்டப்புளுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. தாண்ட முடியவில்லை. கரையிலேயே பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அது பேராதனையிலிருந்து ஆற்றோடு கீழே போனால் கண்டி நகருக்கு வடக்கே வரும் இடம். இந்த இரண்டு சம்பவத்தையும் சொன்னால், கண்டி அரசு ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்று பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

பூந்தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் நான் முதலில் அனுப்புவது உடுநுவரைக்கு. கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்று மூன்று கோயில்கள், மூன்றும் கம்பளை அரசு காலத்தவை. பிலிமத்தலாவையில் திரும்பி மூன்றையும் பார்த்துக்கொண்டு தவுலகல வழியாகப் பேராதனைக்கே வந்துவிடலாம். கடலாதெனிய விகாரை 1344-இல் கட்டப்பட்ட கற்கட்டடம். தூணையும் மண்டபத்தையும் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றுக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அதைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி, பெயரே ஊரைச் சொல்லிவிடும். லங்காதிலக அதே காலத்தது, பாறை உச்சியில் நிற்கிறது. அங்கே பாறையில் சிங்களக் கல்வெட்டும் உண்டு, தமிழ்க் கல்வெட்டும் உண்டு. விகாரைக்குக் கொடுத்த நிலங்களையும் தானங்களையும் சொல்பவை. 14-ஆம் நூற்றாண்டில், மலைநாட்டின் நடுவில், ஒரு பௌத்த விகாரையின் கொடையைத் தமிழிலும் பொறித்து வைக்க வேண்டிய தேவை இருந்திருக்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது இந்தப் பாறைதான், பூந்தோட்டம்கூட இரண்டாவதுதான்.

ஆனால் அந்தக் கல்வெட்டை வைத்து எவ்வளவு பேசலாம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். தமிழ் தெரிந்த வணிகர்களும் கைவினைஞர்களும் அதிகாரிகளும் இந்தப் பகுதியில் மதிப்போடு இருந்தார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். ஊர் முழுக்கத் தமிழர் வாழ்ந்தார்கள் என்றோ, இன்றைய தோட்டத் தமிழர் அவர்களுடைய வழித்தோன்றல்கள் என்றோ அதிலிருந்து வராது. இரண்டும் வேறு வேறு வருகைகள், நடுவில் ஏறக்குறைய 500 ஆண்டு இடைவெளி. இதைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. நமக்கு உண்மையான வரலாறு இருக்கும்போது இரவல் வரலாறு எதற்கு?

எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். அங்கே உறைபவர் கதிர்காமத் தெய்வம், நம் முருகன். கண்டி எசல பெரஹரவில் தலதா மாளிகையோடு சேர்ந்து ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களில் ஒன்றும் கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது, இன்னொன்று பத்தினித் தெய்வத்துக்கு, அதாவது கண்ணகிக்கு. பெரஹர முடிந்த பின் நீர் வெட்டும் சடங்கு நடப்பது பூந்தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, கெட்டம்பே ஆற்றுத் துறையில். பஸ் அந்த வழியாகப் போகும்போது ஜன்னல் வழியே காட்டிவிடுங்கள், இறங்கக்கூடத் தேவையில்லை.

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் பாதையில் கெலிஓயா, கொஞ்சம் விலகி வெலம்பொடை, அப்புறம் கம்பளை என்று முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள் வரும். கரையோரத்தில் போர்த்துக்கீசர் விரட்டியபோது கண்டி அரசர்கள் முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தார்கள். கண்டி அரசில் மடிகே என்றொரு போக்குவரத்துப் பிரிவு இருந்தது. பொதிமாடுகளைத் தவளமாக ஓட்டி, உப்பும் கருவாடும் துணியும் மலைக்கு ஏற்றி, பாக்கும் மிளகும் கீழே இறக்கிய வேலையில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சாலை இல்லாத நாட்டில் உப்பு எப்படி மலை ஏறியது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல பாடமாக அமையும். வீட்டில் தமிழ் பேசும் இந்த ஊர்களையும் பேராதனையின் வரலாற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் எழுதும்போது பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது உறுத்தும்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

கண்டியைப் பிடித்த பிறகு ஆங்கிலேயர் செய்த முதல் பெரிய வேலை வீதி. கடுகண்ணாவை மலையை வெட்டி கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை போட்டார்கள். அரசர்கள் காலத்தில் வேண்டுமென்றே ஒற்றையடிப் பாதையாக வைத்திருந்த நாடு அது. பேராதனையில் ஆற்றைத் தாண்ட ஓடம்தான் இருந்தது. 1833-இல் அங்கே முழுக்க முதிரை மரத்தால் ஒரு பாலம் கட்டினார்கள். ஒரே வளைவு, 205 அடி நீளம், நடுவில் தூண் கிடையாது. ஆணியும் போல்ட்டும் இல்லாமல் பொருத்தியிருக்கிறார்கள் என்று அந்தக் காலத்துப் பயணிகள் வியந்து எழுதினார்கள். 1905-இல் அதைக் கழற்றிவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள். முதிரை உலர் வலயத்து மரம், வன்னியிலும் கிழக்கிலும் வளர்வது. மலைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்த பாட்டை நினைத்துப் பாருங்கள்.

பாதை வந்ததும் கோப்பி வந்தது. 1820-களில் கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தானே கன்னொறுவையில் ஒன்றைத் திறந்தார். ஆம், 1638-இல் சண்டை நடந்த அதே கன்னொறுவை. பூந்தோட்டத்திலும் மூன் கோப்பியும் கறுவாவும் நட்டிருந்தார். இலங்கையின் பெருந்தோட்டப் பொருளாதாரம் முளைத்த இடங்களில் இந்த ஆற்றுமுனையும் ஒன்று. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலை ஏறினார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இத்தனை லட்சம் பேர் என்று முகநூலில் ஓடும் எண்களைப் பலகையில் எழுதிப் போடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள், நம்பத்தகுந்த பதிவுகளின் மேல் நிற்கும் எண் அவற்றில் குறைவு.

1849-இலிருந்து 1880 வரை தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர் துவைட்ஸ் என்ற ஆங்கிலேயர். 1869-இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். இலை பேராதனைக்கு வந்தது. துவைட்ஸ் அதை இங்கிலாந்தில் பூஞ்சண ஆராய்ச்சியாளர் பெர்க்லிக்கு அனுப்பினார். இதுவரை யாரும் அறியாத பூஞ்சணம் என்று அவர் பெயர் வைத்தார். அதுதான் கோப்பியைக் கொன்ற இலைத் துரு நோய். முதலில் தோட்டத் துரைமார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, விலை நன்றாக இருந்ததால் மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1880-களின் நடுப்பகுதிக்குள் தொழில் படுத்துவிட்டது. துரைமார் கடனாளியானதைப் புத்தகங்கள் விரிவாகச் சொல்லும். சம்பளப் பாக்கியோடு தெருவுக்கு வந்த தொழிலாளிக்கு அந்தப் புத்தகங்களில் கிடைப்பது ஒன்றிரண்டு வரிதான்.

கோப்பி போன இடத்தைத் தேயிலை நிரப்பியது. அதற்கும் நாற்று பேராதனைதான். 1824-இல் சீனத்திலிருந்து தேயிலைச் செடி இங்கே வந்தது, 1839-இல் அசாமிலிருந்து. பல ஆண்டு அது அலங்காரச் செடி போல யாரும் கவனிக்காமல் நின்றது. பிறகு ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத் துரை தன் சோதனைக்குப் பேராதனையிலிருந்து விதை வாங்கினார். 1867-இல் தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே ஆண்டுதான் கண்டிக்கு ரயிலும் வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874-இலும் நானுஓயாவுக்கு 1885-இலும் பாதை நீண்டது, இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஹட்டன். இரண்டு பாதைகளும் பிரிகிற சந்திதான் பேராதனை. நீங்கள் கோச்சியில் வந்தால் இறங்குவதும் அங்கேதான்.

பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலை அப்படியல்ல, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்கு ஆணும் பெண்ணும் பிள்ளையும் குடும்பமாகத் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். லயம் என்ற வரிசை அறைகள் நிலையான வீடானதும், தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில் வந்ததும், "ஊர்" என்றால் திருச்சியோ சேலமோ என்றிருந்தது மாறி இந்த மலையே ஊரானதும் தேயிலையால்தான். தேயிலை வந்தது பேராதனை நாற்றுப் பாத்தி வழியாக. அரசன் எந்த ஆண்டில் இங்கே இருந்தான் என்பதைவிட, உங்கள் பிள்ளைகளின் கொள்ளுப்பாட்டி ஏன் திரும்பிப் போகவில்லை என்பதற்கு இந்தத் தோட்டம் நெருக்கமான பதில் வைத்திருக்கிறது. பார்வையாளர் நிற்கும் பலகை எதிலும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. பின்னாளில் ரஷ்யாவின் சார் மன்னரான நிக்கலஸ் 1891-இல் இளவரசராக வந்து மரம் நட்டதற்குப் பலகை உண்டு, விண்வெளி வீரர் ககாரின் நட்ட மரத்துக்கும் உண்டு.

20-ஆம் நூற்றாண்டில் இந்த முனைக்கு இன்னொரு வேலை வந்தது. இரண்டாம் உலகப் போரில் 1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து இங்கே மாற்றினார். பர்மாப் போரை நடத்திய அலுவலகங்கள் பூந்தோட்டத்துக்குள் இருந்தன. போர் முடிந்த சில ஆண்டுகளில் ஆற்றுக்கு மேலே பழைய தேயிலைத் தோட்டக் காணியில் பல்கலைக்கழகம் எழுந்தது. 1952-இல் கொழும்பிலிருந்து பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் தமிழ் படிப்பித்த இடம், 60-களில் வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றிய இடம். வளாகத்து மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது, நேரம் இருந்தால் ஏறிப் பாருங்கள். ஆனால் 1948-இல் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிபோனதற்கு நான்கு ஆண்டு கழித்துத்தான் அந்தத் தேயிலைக் காணியில் பல்கலைக்கழகம் திறந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த விரிவுரை மண்டபங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் கணிசமாக உட்கார இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. உங்கள் மாணவர்களில் ஒருவர் அங்கே படிக்கப் போகிறவராக இருக்கலாம். வாசலையாவது காட்டிவிடுங்கள்.

இன்னும் ஒன்றிரண்டு எச்சரிக்கை. பேராதனைத் தோட்டத்தையும் இராவணனோடு முடிச்சுப் போடும் பதிவுகள் சுற்றுகின்றன. இராவணன் கதையோடு மக்கள் சேர்த்துப் பேசும் இடம் நுவரெலியாவுக்கு அப்பால் சீத்தா எலிய, ஹக்கல பக்கம். பேராதனைக்கு அதை இழுக்க எந்த ஆதாரமும் இல்லை. இன்னொன்று நாகலிங்க மரம். விகாரை வளவுகளில் அதை சால மரம் என்று வணங்குகிறார்கள், நம் கோயில்களில் சிவனுக்கு உரியது என்கிறார்கள். மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. வணங்குவதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் புத்தர் பிறந்த காலத்தில் நம் பக்கத்தில் அந்த மரம் கிடையாது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளலாம்.

சுற்றுலாவை நான் திட்டமிட்டால் இப்படிச் செய்வேன். பஸ்ஸில் வருவதாக இருந்தால் காலையிலேயே கடலாதெனியவும் லங்காதிலகவும். லங்காதிலகவில் பாறைப் படியில் ஏற வேண்டும், வெயில் ஏறினால் வெறுங்காலில் கல் சுடும். தமிழ்க் கல்வெட்டு எங்கே என்று கோயிலில் கேட்டால் காட்டுவார்கள், தேடி நேரம் போக்க வேண்டாம். வெள்ளை உடை, முழங்கால் மறையும் பாவாடை என்று முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். மத்தியானம் பூந்தோட்டத்தில் சாப்பாடு, பெரிய புல்வெளியில் அந்தக் குடை விரித்த அத்தி இன மரத்துக்குப் பக்கத்தில் உட்காரலாம். அப்புறம் பெரிய மூங்கில், இரட்டைத் தென்னை, 1887-இல் நட்ட பனை வரிசை. மலையகத்துப் பிள்ளைகளில் பலர் பனையை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள், அங்கே கொஞ்ச நேரம் விடுங்கள். கடைசியாகத் தொங்குபாலம். ஒரே தடவையில் எத்தனை பேர் ஏறலாம் என்று அங்கே எழுதியிருப்பதைப் பார்த்து, குழு குழுவாக அனுப்புங்கள், ஆட்டிப் பார்க்க ஒருவன் கட்டாயம் இருப்பான். ஆற்றுக்குள் இறங்க விடவே வேண்டாம். மேலே கொத்மலையில் அணை இருக்கிறது, மலையில் மழை பெய்தாலும் திடீரென்று தண்ணீர் ஏறும்.

திரும்பும்போது கம்பளை வழியாகப் போவீர்கள் என்று நினைக்கிறேன். கெலிஓயாவில் தேநீருக்கு நிறுத்தலாம். தெல்தோட்டை, லூல்கந்துரைப் பக்கம் அதே நாளில் போக முயல வேண்டாம். பாதை வளைவும் ஏற்றமுமாக இருக்கும், பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் எழுதுங்கள், அந்தப் பாதையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.